மஞ்சள் தாளும் வெட்டாத பக்கங்களும்: பார்சிலோனாவில் ஏழு நாள்

பிப்ரவரி 10, 2025, திங்கள்

இறங்கியதும் மழை. பெரிய மழை இல்லை, விடாத தூறல். காலருக்குள் புகுந்து முதுகில் இறங்குகிற ரகம். அறையில் பையைப் போட்டுவிட்டு நேராக மொன்ஜுயிக் குன்றுக்குப் போனேன். அங்கே இருக்கும் தேசியக் கலை அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். வாசலில் என்னைப் போலவே ஏமாந்து நின்ற ஒரு பெரியவர் தன் குடைக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டு மெட்ரோ வரை கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. படியிறங்கும்போது மட்டும் "அதேவ்" என்றார். கத்தலான் மொழியில் விடைபெறும் சொல் அது.

ஏன் இந்த ஊர் என்று நண்பர்கள் கேட்டார்கள். அப்பா டிரெடில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். நான் அதே வேலையைக் கணினியில் செய்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பழைய பக்கத்தின் படம் கண்ணில் பட்டது. ஜுசேப் மரியா ஜுனோய் என்பவர், போரில் இறந்த பிரெஞ்சு விமானி கின்மேருக்காக 1917இல் எழுதிய கவிதை. விமானம் வானத்திலிருந்து விழும் பாதையில் எழுத்தும் வளைந்து இறங்குகிறது. இதைப் பார்த்து பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரே பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார். எனக்கோ, இந்த வளைவை அச்சில் கொண்டுவர ஒரு ஆள் எத்தனை நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பார் என்பதுதான் முதலில் தோன்றியது. அங்கே பிடித்த பித்து. 1916க்கும் 1929க்கும் இடையில், பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கத்தலோனியாவில் வந்த சிறுபத்திரிகைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இப்போது நேரில் பார்க்க வந்திருக்கிறேன்.

மாலையில் போர்த்தாஃபெரிசா தெருவில் நடந்தேன். இங்கே 18ஆம் எண்ணில்தான் ஜுசேப் தல்மாவுவின் காட்சிக்கூடம் இருந்தது. 1912இல் கியூபிசக் கண்காட்சியை நடத்திய இடம். துஷானின் 'மாடிப்படியில் இறங்கும் நிர்வாணம்' என்ற ஓவியம் நியூயார்க்கைக் கலக்குவதற்கு ஒரு வருஷம் முன்பே இங்கே தொங்கியது. உலகப் போருக்குத் தப்பி வந்த ஓவியர் பிகாபியா தன் '391' பத்திரிகையின் முதல் நான்கு இதழ்களை 1917இல் இந்த ஊரில்தான் போட்டார். 1918இல் ஓவியர் மிரோவின் முதல் தனிக் கண்காட்சியும் இங்கேதான். இன்று தெரு முழுக்கத் துணிக்கடை, செருப்புக்கடை. பக்கத்துப் பெத்ரிச்சோல் சந்தில் ஒரு சாக்லேட் குடித்தேன், மேலே அடித்த கிரீம் போட்டு. 5 யூரோ. கரண்டி நிமிர்ந்து நிற்கும் கெட்டி. ஈரச் சட்டையோடு வந்தவருக்குப் பரிமாறிய பெண், கேட்காமலே சுடுநீரும் கொண்டுவந்து வைத்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஓஸ்பித்தால் தெருவில் பழைய திருச்சிலுவை மருத்துவமனை. 1926இல் டிராம் மோதிய கட்டடக் கலைஞர் கௌடியைக் கொண்டுவந்து சேர்த்ததும், அவர் இறந்ததும் இங்கேதான். நோயாளிகள் கிடந்த நீண்ட கல் கூடங்கள் இப்போது கத்தலோனிய நூலகத்தின் வாசக அறைகள். கூரையைத் தாங்கும் கல் வளைவுகளுக்குக் கீழே சின்னச் சின்ன மேசை விளக்குகள். குளிர் கல்லிலிருந்து வருகிறது.

நூலகர் அம்மா முதலில் கணினியைக் காட்டினார். பழைய இதழ்கள் எல்லாம் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. தாள் நொறுங்குவதால் அசலைத் தருவதில்லை. நியாயம்தான். நான் அச்சுக்காரர் வீட்டுப் பிள்ளை, அளவைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று தட்டுத்தடுமாறிய ஸ்பானிய மொழியில் சொன்னேன். யோசித்தார். உள்ளே போய் அதே அளவில் அச்சிட்ட மறுபதிப்புகளைத் தூக்கிவந்து வைத்தார். திரும்பிப் போகும்போது என் தோளை லேசாகத் தட்டினார்.

இங்கே கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். 1906 முதல் எவுஜெனி தோர்ஸ் ஒரு நாளிதழில் தினமும் குறிப்பு எழுதினார். அவர் பெயரிட்ட இயக்கம் நூசென்தீஸ்மா. கத்தலானில் 'நோவ்' என்றால் ஒன்பது. புதியது என்பதற்கும் அதே சொல்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரங்களின் புதுமை. ஆனால் அந்தப் புதுமையின் முகம் பழையது: கிரேக்கம், மத்தியதரைக்கடல், ஒழுங்கு, அளவு, நகர நாகரிகம். சும்மா அழகுக்காக அல்ல. சொந்த அரசு இல்லாத ஒரு சமூகம் தனக்கு ஆய்வுக் கழகமும் நூலகமும் எழுத்து இலக்கணமும் கட்டிக்கொண்டிருந்த காலம். அந்தக் கழகத்துக்காக பொம்பேவு ஃபாப்ரா வகுத்த எழுத்து விதிகள் 1913இல் வந்தன. செவ்வியல் என்பது அவர்களுக்கு அஸ்திவாரம் போடும் வேலை.

இந்த அஸ்திவாரத்தை உடைக்க வந்தவை சிறுபத்திரிகைகள் என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன். இன்று மேசையில் கண்டது வேறு. ஜுனோய் தொடங்கிய பத்திரிகையின் பெயருக்குத் 'துண்டுகள்' என்று பொருள். முதல் இதழ்களில் அந்தப் பெயர் வால் வைத்த சி எழுத்தோடு இருக்கிறது. 1918இல் கவிஞர் ஃபோய்ஷ் பொறுப்பேற்றதும் அது இரட்டை எஸ் ஆகிவிடுகிறது. ஃபாப்ரா விதிப்படி அதுதான் சரி. எழுத்தைப் பக்கத்தில் சிதறடித்த பத்திரிகை, தன் பெயரில் மட்டும் கழகத்தின் எழுத்துப்பிழைத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது என்றுதான் இதைப் படிக்கிறேன். தலைப்பு எழுத்தை மாற்றுவது அச்சகத்தில் சின்ன விஷயம் இல்லை. யாரோ உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது 'மக்கள் விரோதி'. இப்சன் நாடகத்தின் பெயர். 1917 முதல் 1919 வரை ஜுவான் சல்வாத்-பாபசெயித் நடத்திய இதழ். 'ஆன்மக் கலகத் தாள்' என்பது அதன் துணைத்தலைப்பு. ஏழை. துறைமுகத்தில் இரவுக் காவல் பார்த்தவர், காசநோயில் முப்பது வயதில் போய்விட்டவர். அந்தக் கலகத் தாளில் யார் எழுதியிருக்கிறார் என்று பார்த்தால் ஒழுங்கின் குருவான தோர்ஸே எழுதியிருக்கிறார். சண்டைக்காரர்கள் எல்லாரும் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கிறார்கள்.

மதியம் நூலகத்துக்கு எதிர்ச் சந்தில் பாகிஸ்தானியர் கடை ஒன்றில் பருப்பும் சோறும், 7 யூரோ. நான் தெரிந்த நாலு இந்திச் சொற்களைச் சொன்னதும் அந்த அண்ணன் இரண்டாம் கரண்டிப் பருப்புக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மாலை துறைமுகம் வரை நடந்து சல்வாத்-பாபசெயித் சிலையைப் பார்த்தேன். இரவில் மரக்கட்டைகளைக் காத்த அதே துறையில் நிறுத்தியிருக்கிறார்கள். காற்றில் டீசல் வாடை.

பிப்ரவரி 12, புதன்

மறுபடி மொன்ஜுயிக். வழியில், அருங்காட்சியகத்துக்குக் கீழே, எதையும் தாங்காமல் நிற்கும் நான்கு பெரிய அயோனியத் தூண்கள். கட்டடக் கலைஞர் புய்க் இ காதாஃபால்க் 1919இல் எழுப்பியது. கத்தலானியக் கொடியின் நான்கு பட்டைகளுக்கு நான்கு தூண். 1928இல் பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகார ஆட்சி இடித்துப்போட்டது. இப்போது நிற்பவை 2010இல் திரும்பக் கட்டியவை. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். கிரேக்கத் தூண் என்றால் அதிகாரம், அரண்மனை, வங்கி என்று பழகியிருக்கிறோம். இங்கே அதிகாரம் வந்து இடித்த தூண்.

உள்ளே தோரஸ்-கார்சியா. மொன்டெவிடியோவில் பிறந்து பதின்வயதில் இங்கே வந்த ஓவியர். 1912 முதல் கத்தலான் அரசு மாளிகையின் செயின்ட் ஜார்ஜ் மண்டபச் சுவர்களில் கிரேக்கப் பாணியில் ஆடை சுற்றிய பெண்களையும் ஆலிவ் மரங்களையும் வரைந்தவர். அமைதியான, சுண்ணாம்பு வாசனை அடிக்கிற மாதிரி நிறங்கள். 1916இல் வரைந்த நான்காவது சுவர் பெரிய சர்ச்சையானது. அடுத்த ஆகஸ்டில் அவரை ஆதரித்த தலைவர் பிராத் தெ லா ரிபா இறந்தார், வேலை நின்றது. நவம்பரில் இதே மனிதர் 'மக்கள் விரோதி'யில் எழுதுகிறார்: கலைஞன் எந்தப் பள்ளியிலும் நிற்கக் கூடாது, மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று. அப்புறம் அவர் படங்களில் டிராம், கடைப் பலகை, கடிகாரம், தெருக் கூட்டம்.

கொள்கை மாறிவிட்டார் என்று எழுதுவார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. டிராம் வந்த படத்தையும் ஆலிவ் மரப் படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அடியில் அதே நேர்க்கோடும் குறுக்குக்கோடும். பக்க வடிவமைப்பில் நாங்கள் போடும் கட்டம் மாதிரி. கட்டத்துக்குள் வருகிற பொருள்தான் மாறியிருக்கிறது.

வெளியே வந்தபோது வெயில். படிக்கட்டில் உட்கார்ந்து தக்காளி தேய்த்த ரொட்டி தின்றேன். நறுக்கி வைக்காமல், பழுத்த தக்காளியை ரொட்டியிலேயே தேய்த்து, எண்ணெயும் உப்பும். 3 யூரோ. இந்த ஊரில் நான் தின்றதில் இதுதான் முதலிடம்.

பிப்ரவரி 13, வியாழன்: சிட்ஜெஸ்

கடலோரமாக முக்கால் மணி நேர ரயில். இடப்பக்க ஜன்னல் பிடித்தால் கடல் கூடவே வரும். எதிரில் உட்கார்ந்த பாட்டி பையிலிருந்து ஆரஞ்சை உரித்து, கேட்காமலே பாதியை நீட்டினார். நம் ஊர் ரயில் போலவே இருந்தது.

சிட்ஜெஸ் வெள்ளைச் சுவர்களும் கடலுக்குமேல் தேவாலயமுமாக ஒரு சின்ன ஊர். இங்கிருந்து 1926 முதல் 1929 வரை 31 இதழ்கள் வந்தது 'கலைகளின் நண்பன்'. நடத்தியவர் ஜுசேப் கார்போனெல். எழுதியவர்கள் ஃபோய்ஷ், விமர்சகர்கள் காஸ்க், மொன்தான்யா, இருபத்து மூன்று வயது ஓவியர் டாலி. டாலி 1927இல் கவிஞர் லோர்காவுக்குச் சமர்ப்பித்து எழுதிய 'புனித செபஸ்தியான்' இதில்தான் வந்தது. அளவெடுக்கும் கருவிகளையும் தெளிவையும் கொண்டாடும், உணர்ச்சிப் பிசுபிசுப்பை வெறுக்கும் கட்டுரை. அதன் வாசலில் யார் நிற்கிறார்? பழைய கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிடஸ். இயற்கை தன்னை மறைத்துக்கொள்ள விரும்புகிறது என்ற அவருடைய வாக்கியம்.

நான் கையோடு கொண்டுவந்த நகல், 1928 மார்ச்சில் டாலியும் காஸ்கும் மொன்தான்யாவும் மஞ்சள் தாளில் அடித்து வெளியிட்ட கலை எதிர்ப்பு அறிக்கை. தாளின் நிறத்தாலேயே 'மஞ்சள் அறிக்கை' என்று பெயர் நிலைத்தது. கடற்கரைத் திண்ணையில் உட்கார்ந்து அகராதியோடு மல்லுக்கட்டினேன். நாடகாசிரியர் கிமேராவுக்கு அடி, ஊரே போற்றிய ஓர்ஃபெயோ பாடகர் குழுவுக்கு அடி, புழுங்கிய அறையில் அடைந்து கிடக்கும் அறிவாளிகளுக்கு அடி. கிரேக்கத்துக்கும் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. விமான இயந்திரத்தின் துல்லியத்தில் கிரேக்கம் தொடர்கிறது என்கிறார்கள். கலையே படிக்காத விளையாட்டு வீரன் அறிவாளிகளைவிட இன்றைய கவிதைக்கு நெருக்கமானவன் என்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. இவர்கள் கிரேக்கத்தை மறுக்கவில்லை, சொத்தில் பங்கு கேட்கிறார்கள். தூணையும் திரைச்சீலையையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அளவும் தெளிவும் உடலும் எங்களுக்கு என்று. 1928 மே மாதம் இதே ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். சர்தானா நடனத்தை ஒழிக்க வேண்டும், இருபது வயது தாண்டிய கட்டடத்தையெல்லாம் இகழ வேண்டும் என்று டாலி முழங்கினார். கூட்டம் நடந்த மன்றத்தின் பெயர் 'எல் சென்தவுரே'. பாதி குதிரை, பாதி மனிதனான அந்தக் கிரேக்கப் பிறவியின் பெயர்.

டாலியின் அந்தப் பட்டியலை நான் ஏற்க மாட்டேன். ஊர் கூடிக் கைகோத்து ஆடும் நடனம் எந்த விமான இயந்திரத்துக்கும் எதிரி இல்லை. ஆனால் அந்த வயதில், அந்தப் புழுக்கத்தில், அப்படிக் கத்தாமல் இருந்திருக்க முடியாது என்பதும் புரிகிறது.

மதியம் ஷாத்தோ. சுருட்டைக் கீரை, கருவாடாக உப்பிட்ட காட் மீன், நெத்திலி, சூரை, மேலே பாதாமும் காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்த சாந்து. குளிர்காலத்தில் மட்டும் சிறப்பு. 14 யூரோ. அந்தச் சாந்தைத் தொட்டதும் வீட்டு அம்மி ஞாபகம். தட்டு காலியானதைப் பார்த்த கடைக்காரர் இன்னும் ஒரு கிண்ணம் சாந்தும் ரொட்டியும் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 14, வெள்ளி: சர்ரியா

தொண்டை கட்டிவிட்டது. பதினொரு மணி வரை படுத்திருந்துவிட்டு, ரயிலேறி நகரத்தின் மேல்பக்கம் இருக்கும் சர்ரியா போனேன். முன்னே தனிக் கிராமம். இன்னும் ஒடுங்கிய தெருவும் சதுக்கமுமாக அப்படியே இருக்கிறது. ஃபோய்ஷ் பிறந்த இடம். அவர் குடும்பம் 1886இல் தொடங்கிய இனிப்புக்கடை இன்றும் நடக்கிறது. இருபதாம் நூற்றாண்டுக் கத்தலான் கவிதையின் பெரும்புள்ளிகளில் ஒருவர் மாவும் சர்க்கரையும் விற்ற வீட்டுக்காரர்.

பாதாம் இனிப்பு இரண்டு வாங்கிக்கொண்டேன். கடைப் பெண்ணிடம் ஃபோய்ஷின் ஒரு வரியைச் சொன்னேன்: "மெக்சால்தா எல் நோவ் இ மெனமோரா எல் வெல்." என் உச்சரிப்பு எப்படி இருந்ததோ, அவர் கை நின்றது. மெதுவாக, சரியான ஒலிகளோடு, எனக்காக ஒரு முறை திருப்பிச் சொன்னார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மனிதரும் உதடு அசைத்ததைப் பார்த்தேன்.

புதியது என்னைக் கிளர்த்துகிறது, பழையதன்மேல் காதலாய் இருக்கிறேன். 1947இல் வந்த தொகுப்பில் ஒரு சானட்டின் கடைசி வரி. மாலையில் பழைய கோட்டைச் சுவர்களில் உலவப் பிடிக்கும் என்று தொடங்கி, காலையில் ஸ்பேனரோடு கார் கிளட்சைக் கழற்றிப் பழுதைத் தேடவும் பிடிக்கும் என்கிறது. பழைய அருங்காட்சியகமும் பிடிக்கும், இன்றைய ஓவியத்தின் எல்லையும் பிடிக்கும். சிதறிய எழுத்துகளின் பத்திரிகையை நடத்திய அதே ஆள், பதினான்கு வரிக் கட்டுக்கோப்பில் எழுதுகிறார். அணி மாறவில்லை. முதலிலிருந்தே இரண்டு பக்கமும் நின்றவர்.

ஜுனோயின் கதை வேறு. அவர் நிஜமாகவே திரும்பிப் போனார். ஒழுங்கு, மதம், மரபு. 1927இல் தொடங்கிய தன் புதிய இதழில் அந்த விமானக் கவிதையின் சுவடே இல்லாத மனிதர். எனக்கு வருத்தம்தான்.

பிப்ரவரி 15, சனி: எம்பூரியஸ்

காலை ஏழு மணிக்குமுன் எழுந்து, மூன்று மணி நேரம் வடக்கே பேருந்து, பிறகு கடலோர நடை. பொது ஆண்டுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் போக்கேயா நகரத்திலிருந்து வந்த கிரேக்கர்கள் இங்கே துறை அமைத்தார்கள். பெயர் எம்போரியோன், அதாவது சந்தை. நம் முசிறியையும் 'பெரிப்ளஸ்' என்ற பழைய கடற்பயணக் குறிப்பில் கிரேக்க வணிகர் இதே சொல்லால்தான் குறித்தார்.

திராமுந்தானா அடித்தது. பிரனீஸ் மலைகளிலிருந்து இறங்கும் வடகாற்று. பார்சிலோனாவின் ராவல் பகுதியில் 6 யூரோவுக்கு வாங்கிய குடை ஒரே நொடியில் முறிந்தது. பேச முடியாது, நிமிர்ந்து நிற்க முடியாது. சுவரோரமாகக் குனிந்தே இடிபாடுகளைச் சுற்றினேன். கடலுக்குள் இன்னும் கிரேக்கர் கட்டிய அலைத்தடுப்புச் சுவர் நிற்கிறது. அலை ஏறி உடைகிறது.

1908இல் இங்கே தோண்டத் தொடங்கினார்கள். 1909 ஜூலையில் பார்சிலோனாவில் கலவரம், தேவாலயங்கள் எரிந்தன. அந்த அக்டோபரில் இந்த மணலிலிருந்து மருத்துவக் கடவுள் அஸ்கிலீபியஸின் பளிங்குச் சிலை எழுந்தது. புகை அடங்காத நகரத்துக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்! எங்கள் மண்ணுக்கு அடியில் ஒழுங்கு இருக்கிறது, குணமாக்குகிற கடவுள் இருக்கிறார் என்று அந்தத் தலைமுறை பிடித்துக்கொண்டதை இனி என்னால் குறை சொல்ல முடியாது. பார்சிலோனாவில் இருந்த அசல் சிலை 2008இல் இங்கேயே திரும்பியது. காற்றிலிருந்து தப்பி உள்ளே நுழைந்ததும் எதிரே நிற்கிறார். தாடி, சரிந்த ஆடை, நிதானம். அறையில் நானும் காவலாளியும் மட்டும். காவலாளி தன் சூடாக்கியை என் பக்கம் நகர்த்தினார்.

சனிக்கிழமை அட்டவணையைத் தவறாகப் படித்திருக்கிறேன். திரும்பும் பேருந்து போய்விட்டது. நிறுத்தத்தில் நின்ற என்னைத் தாண்டிப் போன ஒரு வேன் பின்னோக்கி வந்தது. கணவன், மனைவி, பின்னால் இரண்டு நாய்கள். ஃபிகேரஸ் ரயில் நிலையம் வரை கூட்டிப்போனார்கள். பெட்ரோலுக்குப் பணம் நீட்டியபோது அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. இறங்கும்போது அந்த ஊர் நெத்திலி ஒரு குப்பி கையில் திணித்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

விமானம் மாலையில். காலையில் சான் அந்தோனி சந்தைக்கு வெளியே ஞாயிறு புத்தகச் சந்தை. பழைய அஞ்சலட்டை, காமிக்ஸ், மூட்டை மூட்டையாகப் புத்தகம். சிறுபத்திரிகைகளின் அசல் இதழ் ஏதாவது கிடைக்குமா என்று ஒரு தாத்தாவிடம் கேட்டேன். தலையை ஆட்டினார். அவை ஏலத்துக்குப் போகுமே தவிர இங்கே வராதாம்.

அவர் மேசை ஓரத்தில் பெர்னாத் மெத்ஜே அறக்கட்டளையின் பழைய தொகுதி ஒன்று கிடந்தது. அரசியல்வாதி காம்போ 1922இல் நிறுவியது. கிரேக்க, லத்தீன் நூல்களை மூலத்தோடு கத்தலானில் கொண்டுவந்தது. 1923இல் முதலில் வந்தது லத்தீன் கவிஞர் லுக்ரேஷியஸ். நான் எடுத்ததும் லுக்ரேஷியஸ்தான். ஒரு பக்கம் லத்தீன், எதிர்ப்பக்கம் கத்தலான், இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போகிற மாதிரி கோத்திருக்கிறார்கள். விளிம்பில் தாராளமான வெள்ளை. அந்த வளைந்த விமானக் கவிதைக்குச் சற்றும் குறையாத கைவேலை. அப்பா இருந்தால் விரலால் தடவிப் பார்த்திருப்பார்.

நாற்பதாம் பக்கத்துக்கு மேல் தாள்கள் மடித்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. யாரோ அதுவரை கத்தியால் வெட்டிப் படித்து நிறுத்தியிருக்கிறார்கள். ஓரத்தில் பென்சில் குறி இரண்டு. 12 யூரோ கேட்டவர், நான் மடிப்புக்குள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு 8 ஆக்கினார். வெட்டித் தரட்டுமா என்று கத்தியையும் எடுத்தார். வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்றேன்.

விமானத்தில் கத்தி ஏது? ஜன்னல் வெளிச்சத்தில் மடிப்பை விரலால் அகட்டி, உள்ளே தெரிந்த பாதி வரிகளைப் படித்துக்கொண்டே வந்தேன்.